எலும்பின் செல்வம்

வளர்ந்த மனிதரின் உடலில் 206 எலும்புகள் உள்ளன. அவற்றைக் கல்லைப் போல் உயிரற்றவை எனக் கருதுதல் பிழை. பழைய எலும்பை ஒருவகை உயிரணுக்கள் அரித்தெடுக்க, மற்றொருவகை உயிரணுக்கள் அவ்விடத்தில் புதிய எலும்பைக் கட்டுகின்றன. இப்பணி வாழ்நாள் முழுதும் ஓய்வதில்லை.

இளமையில் கட்டுதல் மிகுதி. ஆதலின் எலும்பு திண்மை பெறுகிறது. முப்பது வயதளவில் அத்திண்மை உச்சத்தை அடையும். பின்னர், மெல்ல மெல்ல அரித்தல் மிகும். மாதவிடாய் நின்ற மகளிர்க்கு அது விரைவாக நிகழும். இங்ஙனம் எலும்பு அடர்த்தி குன்றி நலிவதே எலும்புப்புரை நோயாகும்.

இந்நோய் வலியின்றி வளர்வது. கால் இடறி வீழ்ந்து இடுப்பெலும்பு முறிந்த பின்னரே முதியோர் பலர் இதனை அறிகின்றனர். முதுகெலும்பு நசுங்கிக் கூன் விழுதலும் உண்டு. அதனை மூப்பின் இயல்பென்று விட்டுவிடலாகாது. எலும்பின் அடர்த்தியை எக்ஸ் கதிரால் அளந்தறியலாம். அரிப்பைத் தடுக்கும் மருந்துகள் முறிவு நேராவண்ணம் பெரிதும் காக்கும். எனினும், இழந்ததை முழுதும் மீட்டல் அரிது.

ஆதலின், எலும்பின் செல்வத்தை இளமையிலேயே ஈட்டல் வேண்டும். பாலும் கேழ்வரகும் சுண்ணாம்புச் சத்தை நல்கும்; வெயில் பட்ட தோலில் வைட்டமின் டி உண்டாகும்; ஓட்டமும் ஆட்டமும் எலும்புக்கு உறுதி தரும். பள்ளிப் பருவத்தில் சேர்த்த வலிமையே முதுமையில் ஊன்றுகோலாகும்.