பெற்றோர் வயதும் மதியிறுக்கமும்

குழந்தை பிறக்கும்போது தாய், தந்தையருக்கு இருக்கும் வயது, மதியிறுக்கம் (ஆட்டிசம்) தோன்றுவதற்கான இடர்க் காரணிகளுள் ஒன்றாகும். இடர்க் காரணி என்பது நிகழ்தகவைக் கூட்டும் ஒரு கூறு மட்டுமே. அதுவே நேரடிக் காரணம் ஆகாது.

ஆய்வுகள்

இசுரேலில் 1980களில் பிறந்து, 17 வயதில் படைச்சேவைக்கான மதிப்பீட்டுக்கு உட்பட்டோரின் பதிவுகளை ஆராய்ந்த ஆய்வொன்று 2006 இல் வெளியானது. தந்தையின் வயது 30க்குக் குறைவாக இருந்தோரைவிட, 40 அல்லது அதற்கு மேல் இருந்தோரிடம் மதியிறுக்கம் ஐந்து மடங்குக்கும் மேல் மிகுந்து காணப்பட்டது. பின்வந்த பெரிய ஆய்வுகளில் இவ்வேறுபாடு குறைவாகவே இருந்தது. டென்மார்க், இசுரேல், நார்வே, சுவீடன், மேற்கு ஆஸ்திரேலியா ஆகிய இடங்களின் 57 லட்சம் குழந்தைகளை உள்ளடக்கி 2015 இல் வெளியான ஆய்வின் முடிவுகள் வருமாறு (20-29 வயதுப் பெற்றோருடன் ஒப்பீடு):

* தந்தை 40-49 வயது: 28% மிகுதி
* தந்தை 50 வயதுக்கு மேல்: 66% மிகுதி
* தாய் 40-49 வயது: 15% மிகுதி
* தாய் 20 வயதுக்குக் கீழ்: 18% மிகுதி

உயிரியல் விளக்கம்

பெண்ணின் முட்டை உயிரணுக்கள் அவள் பிறக்கும் முன்பே உருவாகிவிடுகின்றன. ஆணின் விந்தணுக்களைத் தோற்றுவிக்கும் உயிரணுக்களோ வாழ்நாள் முழுவதும் பிரிந்துகொண்டே இருக்கின்றன. ஒவ்வொரு பிரிவின்போதும் டி.என்.ஏ. படியெடுக்கப்படுவதால் பிழைகள் சேர்கின்றன. தந்தையின் வயது ஓராண்டு கூடும்போது குழந்தைக்குச் செல்லும் புதிய மரபணுத் திடீர்மாற்றங்கள் ஏறத்தாழ இரண்டு கூடுவதாக ஐசுலாந்தில் நடந்த ஆய்வு 2012 இல் காட்டியது. இவற்றுள் பெரும்பாலானவை தீங்கற்றவை. மதியிறுக்கத்துடன் தொடர்புடைய மரபுக்கூறுகளைக் கொண்ட ஆண்கள் காலந்தாழ்த்தி மணம் புரிவதும் இத்தொடர்புக்கு ஒரு காரணமாகலாம் என்று கருதுவோரும் உளர்.

எண்களைப் புரிந்துகொள்ளல்

"28% மிகுதி" என்பது நூற்றில் 28 குழந்தைகள் பாதிக்கப்படுவர் எனப் பொருள்படாது. எடுத்துக்காட்டாக, இளம் தந்தையரின் 1000 குழந்தைகளுள் 15 பேருக்கு மதியிறுக்கம் உண்டு எனக் கொண்டால், 40-49 வயதுத் தந்தையரின் 1000 குழந்தைகளுள் அது ஏறத்தாழ 19 ஆகும். எஞ்சிய 981 குழந்தைகளுக்கு அது இராது.

பெற்றோர் மீதான பழி

லியோ கானர் 1943 இல் மதியிறுக்கத்தை விவரித்த பின்னர், தாயின் அன்பின்மையே அதற்குக் காரணம் என்ற கருத்து 1950களிலும் 1960களிலும் பரவியிருந்தது. 1964 இல் பெர்னார்டு ரிம்லாண்ட் தமது நூலில் இதனை மறுத்தார்; இன்று இக்கருத்து முற்றாகக் கைவிடப்பட்டுள்ளது. வயது பற்றிய ஆய்வுகளும் மக்கள்தொகை அளவிலான போக்கையே கூறுகின்றன. ஒரு குறிப்பிட்ட குழந்தையின் மதியிறுக்கத்துக்கு அதன் பெற்றோரின் வயதே காரணம் என இவற்றைக் கொண்டு கூற இயலாது.