வேப் கருவியின் திரியும் வெல்டரின் நுரையீரலும்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்கும் ஆலைகளும் கம்பி இழுக்கும் ஆலைகளும் நிறைய. ஷிப்ட் முடிந்ததும் பீடி பற்றவைத்துப் பழகியவர்களிடம், "இதுல புகையே இல்லண்ணே, இப்ப வர்ற காயில் கருகாது" என்று வேப்பை (மின்சிகரெட்டை)த் தள்ளிவிடுவது சுலபம். காயிலைத் திருத்தியதும் தீங்கு போய்விடுமா?

கருகும் திரி

கருவிக்குள் ஒரு லித்தியம் பேட்டரி, சின்னக் கம்பிச்சுருள் (அதுதான் காயில்), அதற்குள் நுழைத்த பஞ்சுத் திரி. கிளிசரினும் புரொப்பிலீன் கிளைகாலும் நிக்கோடினும் கலந்த திரவத்தைத் திரி உறிஞ்ச, சூடான கம்பி அதை ஆவியாக்கும். அடுத்தடுத்து இழுத்தால் திரவம் வந்து சேர்வதற்குள் திரி வறண்டு வெப்பம் எகிறும். அப்போது திரவம் சிதைந்து ஃபார்மால்டிஹைடும் அக்ரோலினும் உருவாகும். ஃபார்மால்டிஹைடு புற்றுநோய் உண்டாக்கும். அக்ரோலின் மூச்சுக்குழாயைப் புண்ணாக்கும். தொண்டையைப் பிடிக்கும் அந்தத் தீய்ந்த வாடை இதனால்தான்.

இதைத் தீர்க்கக் கண்ணாடி இழைத் திரி போய்ப் பஞ்சு வந்தது, பிறகு பீங்கான். சுருளுக்குப் பதில் வலைத்தகடு, சூடு மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சிப். வாடை குறைந்தது உண்மைதான். ஆனால் "போதும், நிறுத்து" என்று சொல்லிக்கொண்டிருந்ததே அந்த வாடைதான். அது போனபின் இழுப்பு நீளும், நிக்கோடினும் கூடுதலாக ஏறும்.

கம்பியிலிருந்து வரும் உலோகம்

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், புட்டியில் இருந்த திரவத்தைவிடக் காயிலைத் தொட்டு வந்த ஆவியில் ஈயம், குரோமியம், நிக்கல் அதிகமாக இருந்தன. எவர்சில்வர் வெல்டிங் புகையிலும் குரோமியமும் நிக்கலும் உண்டு. வெல்டிங் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2017-லேயே வகைப்படுத்திவிட்டது. பட்டறையில் எட்டு மணி நேரம் அதைச் சுவாசித்தவர் வெளியே வந்து வேப் இழுத்தால், ஒரே நுரையீரலுக்கு இரண்டு ஷிப்ட்.

சட்டம்

தமிழ்நாடு 2018-லும் மத்திய அரசு 2019-லும் வேப்பைத் தடை செய்துவிட்டன. விற்றால் முதல் முறை ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆகவே இங்கே கைக்கு வருவதெல்லாம் கள்ளச்சரக்கு. எந்தத் திரி, எந்தக் கம்பி, எந்தத் திரவம் என்று விற்பவருக்கே தெரியாது.

விட நினைப்பவருக்கு

1800-11-2356 என்ற புகையிலை ஒழிப்பு உதவி எண்ணைக் கட்டணமின்றி அழைக்கலாம். நிக்கோடின் சூயிங்கம்மை மருத்துவரிடம் கேட்டு எடுத்துக்கொள்வது நல்லது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அங்கே என்ன வேலை செய்கிறீர்கள் என்பதோடு வேப் பழக்கத்தையும் சொல்லிவிடுங்கள். சட்டத்துக்குப் பயந்து அதை மறைத்தால் மருத்துவர் வெல்டிங் புகையை மட்டும் வைத்துக் கணக்குப் போடுவார்.