சிங்கப்பூரில் வேலை: அனுமதி பெறுவது எவ்வாறு?

நம் தோட்டப் பாட்டாளிகளின் பிள்ளைகள் பலர், குறிப்பாக ஜொகூர் மாநிலத்தைச் சேர்ந்தோர், இன்று பாலம் கடந்து சிங்கப்பூரில் தொழில் புரிகின்றனர். பால்மரம் வெட்டிப் பிழைத்த குடும்பங்களின் மக்கள் அங்கே தொழிற்சாலைகளிலும் உணவுக் கடைகளிலும் துப்புரவுப் பணியிலும் ஈடுபட்டுள்ளனர். சிங்கப்பூர் வெள்ளியின் மதிப்பு ரிங்கிட்டைவிட உயர்ந்திருப்பது இதற்கு முக்கிய காரணமாகும். ஆயினும், வேலைக்குரிய அனுமதியை யார் பெற வேண்டும், அதற்காக யார் பணம் செலுத்த வேண்டும் என்பதை அறியாமல் சேமிப்பை இழப்போரும் உளர். அதனைத் தெளிவுபடுத்துவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அனுமதி வந்த வரலாறு

சிங்கப்பூரின் மேற்குப் பகுதியில், ஜூரோங் தொழிற்பேட்டைக்கு அருகே அமைந்த நகர் கிளமெண்டி. 1998-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இரண்டாவது பாலத்தின் வழியே துவாஸ் சென்று, ஜூரோங் ஈஸ்ட் நிலையத்தில் ரயில் ஏறினால், நகரை நோக்கிச் செல்லும் திசையில் அடுத்த நிலையம் கிளமெண்டியே.

அப்பெயரைக் கேட்டதும் சர் சிசில் கிளமெண்டி என்னும் ஆளுநரின் நினைவு எழுவது இயல்பு. அவர் 1930 முதல் 1934 வரை நீரிணைக் குடியேற்றங்களை ஆண்டவர். அவர் காலத்தில், 1933-இல், அந்நியர் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அது பெரும்பாலும் சீனத் தொழிலாளரின் வருகையையே கட்டுப்படுத்தியது. பிரிட்டிஷ் பிரஜைகளாயிருந்த நம் முன்னோரை அது பாதிக்கவில்லை.

1965-இல் சிங்கப்பூர் தனி நாடாயிற்று. 1967 முதல் பாலத்தில் கடப்பிதழ்ச் சோதனை தொடங்கிற்று. நம் நாட்டிலும், 1969-க்குப் பின், குடியுரிமை பெறாதோர் வேலை பெர்மிட் இன்றிப் பணியாற்ற இயலாத நிலை ஏற்பட்டது. சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த தோட்டத் தொழிலாளர் பலர் வேலை இழந்து தமிழ்நாடு திரும்பினர். ஒரு காகிதம் ஒரு குடும்பத்தின் பிழைப்பையே நிர்ணயிக்கும் என்பதை நம் மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

வருகை வேறு; வேலை வேறு

மலேசியக் குடிமக்கள் சிங்கப்பூருக்கு வருகை புரிய விசா தேவையில்லை. செல்லுபடியாகும் கடப்பிதழ் வேண்டும். வருகைக்கு முந்திய மூன்று நாள்களுக்குள் சிங்கப்பூர் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். இதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. ஆகவே, இதனைச் செய்து தருவதாகக் கூறிப் பணம் கேட்போரை நம்ப வேண்டாம்.

ஆனால், வருகையாளராக நுழைந்தவர் அங்கு வேலை செய்யக் கூடாது. ஒரு நாள் கூலி வேலையாயினும் குற்றமே. அனுமதியின்றி வேலை செய்பவருக்கு 20,000 சிங்கப்பூர் வெள்ளி வரை அபராதமோ, ஈராண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். "முதலில் வேலையில் சேர், பெர்மிட் பிறகு வரும்" என்று ஒருவர் கூறினால், தண்டனையை அனுபவிக்கப் போவது யார் என்பதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

விண்ணப்பிப்பவர் முதலாளியே

வேலை அனுமதிக்குத் தொழிலாளி தாமே விண்ணப்பிக்க இயலாது. முதலாளியோ, அவர் சார்பில் உரிமம் பெற்ற வேலை முகவரோதான் சிங்கப்பூர் மனிதவள அமைச்சுக்கு விண்ணப்பிக்க வேண்டும். எனவே, முதலாளியின் பெயரைக் கூறாமல் "பெர்மிட் வாங்கித் தருகிறேன்" என்று ஒருவர் சொன்னால் அது ஐயத்திற்குரியது.

விண்ணப்பம் ஏற்கப்பட்டால் முதலில் கொள்கையளவு அனுமதிக் கடிதம் வரும். அடிப்படைச் சம்பளம், நிலையான படிகள், பிடித்தங்கள் ஆகியவை அதில் குறிக்கப்பட்டிருக்கும். அங்கு சென்றபின் மருத்துவப் பரிசோதனையில் தேற வேண்டும். அதன்பின்னரே வேலை அனுமதி வழங்கப்படும். அது பொதுவாக ஈராண்டு வரை செல்லும்.

கடிதம் கைக்கு வருமுன் தோட்ட வேலையை விட்டுவிடலாகாது. வாயால் சொன்ன சம்பளமும் கடிதத்திலுள்ள சம்பளமும் ஒன்றா என்று பார்த்தல் வேண்டும். தொழிலாளி எழுத்து மூலம் இணங்காமல், கடிதத்தில் குறித்த சம்பளத்தை முதலாளி குறைக்கக் கூடாது. வாசிக்கத் தெரியாதோர், வாசிக்கத் தெரிந்த பிள்ளைகளைக் கொண்டு ஒவ்வொரு வரியையும் கேட்டறிய வேண்டும்.

யார் எதைச் செலுத்துவது?

வெளிநாட்டு ஊழியருக்கான மாதாந்தரத் தீர்வையை, அதாவது லெவியை, முதலாளியே செலுத்த வேண்டும். அதனைச் சம்பளத்திலிருந்து பிடிக்கச் சட்டம் இடந்தராது. பிற வெளிநாட்டு ஊழியருக்கு முதலாளி கட்டும் 5,000 வெள்ளிப் பிணைத்தொகை மலேசியருக்குத் தேவையில்லை. ஆதலால், "பிணைப்பணம்" என்று எவரேனும் கேட்டால் அது பொய்யாகும். வேலை கொடுப்பதற்காக முதலாளி தொழிலாளியிடம் பணம் வாங்குவதும் குற்றமே.

முகவர் பெறும் கட்டணத்திற்கும் வரம்பு உண்டு. ஒப்பந்தத்தின் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மாதச் சம்பளம், மொத்தத்தில் இரண்டு மாதச் சம்பளத்திற்கு மேற்படக் கூடாது. எடுத்துக்காட்டாக, சம்பளம் 1,600 வெள்ளி எனின், ஓராண்டு ஒப்பந்தத்திற்கு 1,600 வெள்ளியும், ஈராண்டு ஒப்பந்தத்திற்கு 3,200 வெள்ளியுமே உச்ச வரம்பு. முதல் ஆறு மாதத்திற்குள் முதலாளி வேலையை விட்டு நீக்கினால், கட்டணத்தில் பாதியையேனும் முகவர் திருப்பித் தர வேண்டும். கட்டிய பணத்திற்கு ரசீது இல்லையேல் இவ்வுரிமையை நிலைநாட்டுவது கடினம்.

தங்குமிடமும் சேமிப்பும்

கிளமெண்டி போன்ற நகர்களில் உள்ளவை பெரும்பாலும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீடுகளாகும். கட்டுமானம், உற்பத்தி முதலிய துறைகளில் பணிபுரியும் பிற நாட்டினர் அவ்வீடுகளில் வாடகைக்குத் தங்க முடியாது. மலேசியருக்கு அவ்வனுமதி உண்டு. வாடகைக் காலம் குறைந்தது ஆறு மாதம். வீட்டுக்காரர் கழகத்தின் அனுமதி பெற்றிருக்க வேண்டும். தங்குமிட முகவரி மனிதவள அமைச்சில் பதிவாக வேண்டும். பதிவில்லாத அறை மலிவாகக் கிடைப்பினும் அதனை ஏற்றல் கூடாது.

வேலை அனுமதியில் பணிபுரியும் நம் நாட்டினருக்கு அங்கு மத்திய சேமநிதிச் சந்தா இல்லை. தோட்டத்தில் மாதந்தோறும் ஊழியர் சேமநிதியில் சேர்ந்து வந்த பணம் அங்கு சென்றதும் நின்றுவிடும். இதனைப் பலர் முதுமையில்தான் உணர்கின்றனர். ஊழியர் சேமநிதி வாரியத்தில் விருப்பச் சந்தா செலுத்தும் வழி உண்டு. சம்பளம் வந்தவுடன் ஒரு பகுதியை அதற்கென ஒதுக்குவது நலம்.

இன்னல் நேர்ந்தால்

வேலை அனுமதி ஒரு முதலாளிக்கும் ஒரு தொழிலுக்கும் மட்டுமே உரியது. ஓய்வு நாளில் வேறிடத்தில் வேலை செய்தல் சட்டவிரோதமாகும். கடப்பிதழைத் தொழிலாளி தாமே வைத்திருக்க வேண்டும். முதலாளி அதனைப் பிடித்து வைக்கலாகாது. வேலையில் காயமுற்றால் இழப்பீடு பெறும் உரிமை உண்டு. சம்பளம் வராவிடில் ஓராண்டுக்குள் புகார் செய்ய வேண்டும். வேலையை விட்டிருந்தால் ஆறு மாதத்திற்குள் செய்தல் வேண்டும். காலம் கடந்தால் நியாயம் இருந்தும் பயனில்லை. சிங்கப்பூரிலுள்ள மலேசியத் தூதரகத்தையும் நாடலாம்.

அனுமதிக் கடிதம், ஒப்பந்தம், ரசீது, கடப்பிதழ் ஆகியவற்றின் நகல்களை எடுத்து, ஒரு தொகுப்பைத் தோட்டத்திலுள்ள பெற்றோரிடம் ஒப்படைத்துவிட்டே புறப்பட வேண்டும். ஆழமறியாமல் காலை விடாதே என்பர் நம் பெரியோர். பாலத்தைக் கடப்பது எளிது. கடக்குமுன் கடிதத்தை வாசித்தறிந்தவரே உழைத்த பணத்தை முழுமையாக வீடு கொண்டு வந்து சேர்ப்பர்.