கயத்தாறு: அந்தப் புளியமரம் எங்கே?

மதுரையிலிருந்து திருநெல்வேலிக்கு பஸ்ஸில் போயிருந்தா, கயத்தாறைக் கண்டிப்பா தாண்டியிருப்பீங்க. கோவில்பட்டி முடிஞ்சதும் காற்றாலைகள் சுத்திக்கிட்டு இருக்கும். நெல்லைக்கு இன்னும் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். அந்த நேரத்தில் பாதிப் பேர் தூக்கத்தில் இருப்போம். நானும் பல வருஷம் அப்படித்தான் தாண்டியிருக்கேன்.

இங்கே இறங்குறவங்க முதலில் கேட்கிறது, "கட்டபொம்மனைத் தூக்கில் போட்ட புளியமரம் எங்கே?"ன்னுதான். மரம் இப்போ இல்லை. இருக்கிறது நினைவிடமும் சிலையும். 1959-ல் கட்டபொம்மனா நடிச்ச சிவாஜி கணேசன், பிற்பாடு இங்கே நிலம் வாங்கிச் சிலை வெச்சார். ஒரு நடிகர், தான் நடிச்ச பாத்திரத்துக்கு, அவர் செத்த இடத்திலேயே சிலை வைக்கிறது எத்தனை ஊரில் நடந்திருக்கும்?

சரி, ஏன் கயத்தாறு? 1799 செப்டம்பரில் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை விழுந்தது. தப்பிச்சுப் போன கட்டபொம்மனைப் புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்கள் பிடிச்சுக் கொடுத்தாங்க. மேஜர் பானர்மேன் அவரை ரகசியமாக் கொல்லவில்லை. மற்ற பாளையக்காரர்களையெல்லாம் கயத்தாறுக்கு வரவழைச்சு, அவங்க கண் முன்னாடி விசாரிச்சு, அக்டோபர் 16 அன்னைக்குத் தூக்கில் போட்டார். தண்டனை ஒருத்தருக்கு, பாடம் சுத்தி நின்ன அத்தனை பேருக்கும்.

இதில் எனக்கு உறுத்துற விஷயம் ஒண்ணு இருக்கு. அந்தக் கடைசி நேரத்தைப் பத்தி நாம சொல்றதில் முக்கியமான பகுதி, மறுநாள் பானர்மேன் எழுதின கடிதத்திலிருந்து வருது. சர்வரை நிறுத்தினவரே எழுதின இன்சிடென்ட் ரிப்போர்ட் மாதிரி! அதை நம்பலாமா? ஆனா தூக்கில் போட்டவரே, கைதி பயப்படலை, அலட்சியமா நடந்து போனார், எட்டயபுரம், சிவகிரிக்காரங்களை வெறுப்போட பார்த்தார்னு எழுதுறார். வாய் பேச முடியாத தம்பியைப் பத்தி மட்டும் கவலைப்பட்டாராம். மரத்தடிக்கு வந்ததும், கோட்டையை விட்டு வெளியே வந்திருக்கக் கூடாது, அங்கேயே போராடிச் செத்திருக்கலாம்னு வருத்தப்பட்டாராம். தனக்குப் பெருமை சேர்க்காத இந்த விவரங்களை அவர் இட்டுக்கட்டியிருப்பார்னு எனக்குத் தோணலை.

அந்தத் தம்பிதான் ஊமைத்துரை. 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி, இடிச்சுப் போட்ட கோட்டையைத் திரும்பக் கட்டினார். அதைப் பிடிக்க கம்பெனிப் படைக்கு மே மாசம் வரை ஆச்சு.

போறதா இருந்தா, பைபாஸில் நிற்காம போற பஸ்ஸில் ஏறிடாதீங்க. ஊருக்குள்ள போகுமான்னு கண்டக்டர்கிட்ட கேட்டுட்டு ஏறுங்க.