அப்பாவின் வலப்பக்கம்

அப்பா கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்ள ஆரம்பித்தபோது, "பார்த்து வரக்கூடாதாப்பா?" என்று நான்தான் கோபித்துக்கொண்டேன். வலப்பக்கம் வைத்த காபி டம்ளர் அடிக்கடி கவிழ்ந்தது. எங்கள் ஊர் திருநின்றவூர் ஸ்டேஷனில் யார்மீதோ மோதி, திட்டு வாங்கிக்கொண்டு வந்தார். வயசாச்சு, கவனம் குறைந்துபோச்சு என்று நாங்களே முடிவுகட்டினோம். கண் மேல் சந்தேகமே வரவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பது வருஷம் லேத் ஓட்டியவர். ஒரு நூல் பிசகினாலும் பிடித்துவிடும் கண். பேப்பரில் பொடி எழுத்து விளம்பரம்வரை படித்துவிடுவார்.

கண்ணாடி மாற்றலாம் என்று எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். 1819-இல் தொடங்கியது, ஆசியாவிலேயே பழமையான கண் மருத்துவமனை. அங்கே முகவாயைத் தாங்கியில் வைத்து, ஒளிப்புள்ளி மின்னும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். "எல்லாத்துக்கும் அமுக்கிட்டேம்மா" என்று வெளியே வந்தார். அச்சாகி வந்த தாளில், வலது கண்ணுக்குரிய படம் பாதிக்குமேல் கறுப்பாக இருந்தது.

குளோகோமா. தமிழில் கண் நீர் அழுத்த நோய். நம் பக்கத்தில் 'கண் பிரஷர்' என்பார்கள். கண்ணுக்குள் ஒரு நீர் ஓயாமல் ஊறி, ஓயாமல் வடிகிறது. வடியும் வழி அடைத்தால் அழுத்தம் ஏறி, கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் பார்வை நரம்பு நசிகிறது. பெரும்பாலும் வலி கிடையாது, சிவப்பு கிடையாது. பார்வை ஓரத்திலிருந்து தேயும். நடுப்பார்வை கடைசியில்தான் போகும். அதனால்தான் அப்பாவால் பேப்பர் படிக்க முடிந்தது.

எங்கள் ஊர்ப் பூசலார் நாயனார் கையில் காசில்லாமல், மனத்துக்குள்ளேயே சிவனுக்குக் கோயில் கட்டியவர். அவர் நினைவைச் சொல்லி நிற்கிறது இருதயாலீஸ்வரர் கோயில். கண்ணில் படாததையும் மனம் கட்டி எழுப்பும். பூசலாருக்கு அது பக்தியானது. அப்பாவுக்கு அதுவே ஆபத்தாகிவிட்டது. பார்வை அழிந்த இடத்தில் அவருக்கு இருட்டு தெரியவில்லை. அக்கம்பக்கத்தைக் கொண்டு மூளை அந்த இடத்தை நிரப்பிக்கொண்டது. இல்லாத பார்வை இருப்பதாகவே நம்பி நடந்திருக்கிறார்.

கண்புரை என்றால் லென்ஸ் வைத்துப் பார்வையை மீட்கலாம். இதில் போனது போனதுதான். இருப்பதை மட்டும் சொட்டு மருந்து, லேசர், அறுவை சிகிச்சை ஆகியவற்றால் காக்கலாம்.

"கூடப்பிறந்தவங்க, பிள்ளைங்க எல்லாரும் பார்த்துக்கணும்" என்றார் டாக்டர். எனக்கு அப்போது வயது 43. தையல்காரி நான், ஊசியில் நூல் கோர்க்கிறேனே, எனக்கென்ன என்றுதான் போய் உட்கார்ந்தேன். பொதுவாக 10 முதல் 21 வரை இருக்க வேண்டிய அழுத்தம் எனக்கு 28 இருந்தது. நரம்பு இன்னும் கெடவில்லை. அன்று போகாமல் விட்டிருந்தால்?

அதனால் கேட்டுக்கொள்கிறேன். நாற்பது தாண்டிவிட்டதா, ஒருமுறை கண்ணை முழுசாகப் பாருங்கள். வீட்டில் யாருக்காவது இந்த நோய் இருந்தால் தள்ளிப்போடவே வேண்டாம். சுகர் இருப்பவர்கள், பார்வை தெளிவாக இருந்தாலும், வருஷத்துக்கு ஒருமுறை விழித்திரையைப் பார்த்தே ஆக வேண்டும். அரிப்புக்கு வாங்கிய ஸ்டீராய்டு சொட்டு மருந்தை டாக்டரைக் கேட்காமல் மாதக்கணக்கில் விடாதீர்கள். அதுவும் அழுத்தத்தை ஏற்றும். கண்ணாடிக் கடையில் எழுத்துப் படித்துக்காட்டினால் போதாது. "அழுத்தமும் நரம்பும் பாருங்க" என்று வாய்விட்டுக் கேளுங்கள். சில பேருக்கு அழுத்தம் சரியாக இருந்தே நரம்பு கெடும். மருந்து விட்டுக் கண்பாப்பாவை விரித்துப் பார்த்தால் சில மணி நேரம் கண் கூசும். துணைக்கு ஆள் வேண்டும், வண்டி ஓட்டக் கூடாது.

வீட்டுப் பெரியவர் நிலையில் இடித்துக்கொண்டால் திட்டாதீர்கள், கூட்டிப்போங்கள். அப்பா கவனமாகத்தான் நடந்தார். கவனிக்காதது நாங்கள்.

இப்போது ராத்திரி ஒன்பது மணிக்கு அவருக்கு நான் சொட்டு விடுகிறேன், "உனக்கு விட்டுக்கிட்டியாம்மா?" என்று கேட்காமல் அவர் படுப்பதில்லை. வெளியே போகும்போது நான் அவருக்கு வலப்பக்கமாக நடக்கிறேன்.