வரப்பை இடிக்காமல் விட்டேன்

பாலக்கோடு மண்டிக்குத் தக்காளி ஏற்றிப்போகிற வழியெல்லாம் இப்போது மனைக்கற்கள். போன சித்திரையில் என் கிழக்குப் பக்கத்துக் கொல்லையும் மனையானது. சமன்செய்ய வந்த ஜே.சி.பி.காரர், "ஏண்ணா, இந்த மேட்டு வரப்பையும் இழுத்து விட்டுடட்டுமா? ரெண்டு சால் கூட வருமே" என்றார். சரி என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

சொல்லாமல் நிறுத்தியது அக்கா மகன் சொன்ன ஒரு சேதி. பெங்களூரில் வேளாண்மை படிக்கிறான். ஜெர்மனியின் கோட்டிங்கன், காசல் பல்கலைக்கழகங்களும் பெங்களூரு வேளாண் அறிவியல் பல்கலைக்கழகமும் சேர்ந்து, அந்த நகரம் விரிய விரியச் சுற்றியுள்ள நிலத்துக்கு என்ன ஆகிறது என்று ஆராய்ந்தார்கள். அதில் ஒரு பகுதி தேனீக்களைப் பற்றியது. நகரத்திலிருந்து கிராமம் வரை 36 காய்கறித் தோட்டங்களில், மூன்று பருவங்களில் தேனீக்களைக் கணக்கெடுத்து, முடிவை 2022இல் வெளியிட்டார்கள்.

கட்டடம் பெருகப் பெருக, கூட்டமாக வாழும் பெரிய தேனீக்கள் குறைந்தன. ஆனால் தனித்து வாழும் தேனீக்கள் அதிகமாகவே இருந்தன; மண்ணில் வளை தோண்டுபவையும்கூட அதிகமாகவே இருந்தனவாம். ஆராய்ந்தவர்களே இதை எதிர்பார்க்கவில்லை. நகரத்துக்குள் விவசாயத்தைக் காப்பாற்றி வையுங்கள் என்பதும் அவர்கள் சொல்வதுதான். (அந்த 36ம் உரம், மருந்து போடுகிற தோட்டங்கள். நம்மைப் போன்றவர்கள் தோட்டத்தில் எண்ணியிருந்தால் என்ன கிடைத்திருக்குமோ!)

தக்காளிக்காரனுக்கு இது சின்ன விஷயமில்லை. தக்காளிப் பூவின் மகரந்தம் ஒரு குழாய்க்குள் அடைபட்டுக் கிடக்கும். காற்று அசைத்தாலே ஓரளவு காய் பிடிக்கும். ஆனால் பூவைக் கவ்விக்கொண்டு 'ஜ்ஜ்' என்று உடம்பை அதிரவைத்து உலுக்கினால்தான் மகரந்தம் நன்றாகக் கொட்டும். நாம் பெட்டியில் வளர்க்கிற தேனீக்கு அந்த வித்தை தெரியாது. வயிற்றில் நீலக்கோடு போட்ட தேனீக்கும், மரம் துளைக்கிற கருவண்டுக்கும் தெரியும். நீலக்கோட்டுத் தேனீக்கு ராணியும் இல்லை, கூட்டமும் இல்லை. ஒவ்வொரு பெண் தேனீயும் தன் குஞ்சுக்குத் தானே மண்ணில் வளை தோண்டும்.

"மாமா, உங்க வரப்புல ஓட்டை இருக்கான்னு பார்த்தீங்களா?" என்று கேட்டிருந்தான். வண்டிக்காரரை நிற்கச் சொல்லிவிட்டுப் போய்க் குனிந்து பார்த்தேன். கிழக்கு பார்த்த சரிவில் பென்சில் நுழைகிற அளவில் துளைகள். எறும்பு வளை என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் ஒன்றிலிருந்து நீலக்கோடு வெளியே வந்தது.

வரப்பு தப்பித்தது. ஆனால் என் தப்பு ஒன்றும் அன்றுதான் தெரிந்தது. மூடாக்கு, மூடாக்கு என்று வெறும் மண்ணே தெரியாமல் தழை போட்டு வைத்திருந்தேன். மண்ணுக்கு நல்லதுதான், மாற்றுக்கருத்தில்லை. ஆனால் அடர்ந்த மூடாக்கில் இது எங்கே போய்த் தோண்டும்? இப்போது வரப்பின் வெயில் பக்கத்தை மூடாமல், கொத்தாமல் விடுகிறேன். காய்ந்த ஆமணக்குத் தண்டுகளையும் மூங்கில் துண்டுகளையும் வேலியில் கட்டிவைத்திருக்கிறேன். இஞ்சி பூண்டுக் கரைசலைக்கூட வெயில் தாழ்ந்த பிறகுதான் தெளிக்கிறேன்.

மனை வாங்கியவர் ஒருவர் போன வாரம் வீட்டுக்கு வானம் தோண்டினார். வரப்பையொட்டிச் சுவர் எழுப்பப் போகிறாராம். "சுவரோரம் என்ன செடிண்ணா வைக்கலாம்?" என்று கேட்டார். துளசி நாற்று பத்து பிடுங்கிக் கொடுத்தேன். அந்தப் பூவுக்கு நீலக்கோடு விடாமல் வரும்.