பகிர்வு மெய்நிகர் உலகில் சைகைமொழி: தீர்வும் எல்லையும்

பகிர்வு மெய்நிகர் உலகங்கள் நடைமுறைச் சிக்கல்களைத் தீர்க்கின்றனவா என்னும் வினா, பெரும்பாலும் அவற்றை உருவாக்கும் நிறுவனங்களின் அறிவிப்புகளைக் கொண்டே விவாதிக்கப்படுகிறது. கூட்டங்களையும் நிகழ்ச்சிகளையும் நோக்கி அமைந்த தளங்களுள் ஆல்ட்ஸ்பேஸ்விஆர் 2023 மார்ச்சிலும் மொசில்லா ஹப்ஸ் 2024 மே இறுதியிலும் மூடப்பட்டன. இதனால் பயனில்லை என்று முடிவுசெய்வது அவசரமாகும். 2017இல் ஸ்டீம் வழியாகப் பரவலான பயன்பாட்டுக்கு வந்த விஆர்சாட்டில் காதுகேளாதோர் கூடிச் சைகைமொழியில் உரையாடுவதும், கேட்கும் திறனுடையோர்க்கு அதனைக் கற்பிப்பதும் கருதத்தக்கவை.

காணொளி அழைப்பு இருக்க இது எதற்கு என்ற ஐயம் எழலாம். சைகைமொழி இடத்தையே இலக்கணமாக்கும் மொழி. 'அவர்', 'இவர்' என்னும் சுட்டுகள் விரல் காட்டும் திசையால் பொருள் பெறுகின்றன. பலர் பங்கேற்கும் காணொளியில் ஒவ்வொருவரும் தனிக் கட்டத்தில் அடைபடுவதால் அத்திசை பொருளிழக்கிறது. பகிர்வு உலகிலோ ஒருவரைச் சுட்டினால் வட்டத்தில் நிற்கும் அனைவருக்கும் அவரே சுட்டப்படுகிறார். தொலைவில் வாழ்வோர்க்கு இது மெய்யான தீர்வே.

எனினும் கைகள் கருவியின் வழியாகவே உள்ளே செல்கின்றன. ஓக்குலஸ் டச் கட்டுப்பாட்டுக் கருவியில் நடுவிரல், மோதிரவிரல், சிறுவிரல் மூன்றும் ஒரே பொத்தானில் அடங்குவதால் அவற்றைத் தனித்தனியே மடக்க இயலாது. 2019இல் வந்த வால்வ் இண்டெக்ஸ் ஐந்து விரல்களின் மடக்கத்தையும் உணர்கிறது. ஆனால் விரல்கள் விலகுவதையும் பின்னுவதையும் சரிவர உணர்வதில்லை. அமெரிக்கச் சைகைமொழியின் விரலெழுத்துகளில் சுட்டுவிரலும் நடுவிரலும் சேர்ந்து நின்றால் 'யு', விலகினால் 'வி', பின்னினால் 'ஆர்'. மூன்றிலும் மடக்கம் ஏறத்தாழ ஒன்றே. எனவே பயனர்கள் மாற்று வடிவங்களைத் தாமே வகுத்துக்கொள்கின்றனர். கருவி மொழிக்கு இணங்கவில்லை. மொழிதான் கருவிக்கு இணங்குகிறது.

முகக்குறிப்பின் இழப்பு இதனினும் பெரிது. அம்மொழியில் புருவத்தை உயர்த்துவது 'ஆம்/இல்லை' வினாவையும், சுருக்குவது 'யார்', 'எங்கே' போன்ற வினாக்களையும் குறிக்கும். முகத்தைப் படிக்கும் உணரி இல்லாத கருவிகளில் அவதாரின் முகம் இதனைக் காட்டாது; வினா என்பதைக் கையாலேயே உணர்த்த வேண்டியுள்ளது. நேரில் கற்றவர்க்கு இது தற்காலிகச் சுருக்கம். மெய்நிகர் உலகில் மட்டுமே கற்பவர்க்கோ அச்சுருக்கமே முழு மொழியாகத் தோன்றக்கூடும். காதுகேளாத ஒருவரை நேரில் எதிர்கொள்கையில் அவர் புருவத்தால் கேட்கும் வினா அவர்க்குப் புலப்படாமல் போகலாம்.